நாலு பெட்டி, ஒரு கதிரை

டொக்யாட் வீதி,
திருகோணமலை.
9.2.1975

அன்பின் மாகிரட்,

மாரி முடிந்தது. சுவரில் பாசி காயத் தொடங்கிவிட்டது. நான் சுகம். நீரும் அப்படியே இருக்க, ஞாயிறு பூசையில் உமது பெயரைச் சொன்னேன்.

கந்தோரில் வழமையான வேலை. மாவுக் கப்பல் ஒன்று துறைமுகத்துக்கு வெளியே நிற்கிறது. பாண் வரிசை நீளம்.

இனி உண்மையான செய்தி. சனிக்கிழமை பின்னேரம் பச்சை மட்டை ரெக்கோட்டைப் போட்டேன். ட்ரம் முன்னே இடப்பக்கம். கிற்றார் முன்னே வலப்பக்கம். பின்னால் இரண்டு மூலையிலும் ஓர்கன். நடுவில் நான். நோர்வேக் கப்பலின் வயர்லஸ்காரர் விட்டுப்போன இரண்டு ஸ்பீக்கரும் முன்னால் சன்னமாகப் பேசுகின்றன. மூதூர் அபூதாஹிர் நானா கப்பற் பலகையில் அடித்துத் தந்த இரண்டும் பின்னால் நின்று தடித்த குரலில் பதில் சொல்கின்றன. இந்த ஊரில் ரொக் பாட்டை நாலு மூலையிலிருந்தும் கேட்கிற வீடு வேறு இல்லை. அந்தப் பெருமை எனக்கு இருக்கிறது. மறைக்கவில்லை.

பக்கத்து வீட்டுப் புஷ்பவதி அக்கா வேலிக்கு மேலால் கேட்டா: “ஏன் தம்பி நாலு பெட்டி? மனிசருக்குக் காது ரெண்டுதானே?”

உள்ளே கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினேன். ஒரு பாட்டு முடியுமுன்னே எழும்பிவிட்டா. முதுகுக்குப் பின்னால் ஆரோ நிற்கிற மாதிரி இருக்காம்.

வழக்கப்படி முதற்பக்கத்தோடு நிறுத்திவிட்டேன். இரண்டாம் பக்கம் உம்முடையது. செப்டெம்பரில் நீர் வந்து கேட்கும். இன்னும் இரண்டு வருடம் நிற்கச் சொல்லித் தாதியர் தலைவி மேற்றன் கேட்டால் கையெழுத்து வைக்காதேயும்.

அன்புடன்,
ஹெக்டர்

---

தாதியர் விடுதி,
லெஸ்ரர், இங்கிலாந்து.
27.2.1975

என் அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை ஆஸ்பத்திரி வாட்டில் வைத்தே பிரித்தேன். பக்கத்தில் படுத்திருந்த கிழவி நல்ல செய்தியா என்று கேட்டா. ஓர்கன் பின்னால் நிற்கிறது என்றேன். மருந்து மாறிக் கொடுத்துவிட்டேனோ என்று பார்த்தா.

குளிர் எலும்புக்குள் இருக்கிறது. சோறு கிடைக்கிறது, கருவாடு இல்லை. எனக்கு வேறு குறையில்லை.

புஷ்பவதி அக்காவை எந்தக் கதிரையில் இருத்தினீர்கள்? என் குருசின் மேலா? நீங்கள் நாலு மூலைக்கும் நூல் பிடித்து, நூல்கள் சந்திக்கிற இடத்தில் சோக்கால் புள்ளி வைத்தீர்கள். அது அழிந்துவிடும் என்று நான்தான் நகத்துக்குப் பூசுகிற கியூடெக்ஸால் சிவப்புக் குருசு போட்டேன். வீடு மந்திரிக்க வந்த பாதர் அதை மிதிக்காமல் சுற்றிப் போனது நினைவிருக்கிறதா? அந்த இடத்தில் ஒரு கதிரைதான் கொள்ளும். முதற்பக்கம் நீங்கள், இரண்டாம் பக்கம் நான். மூன்றாவது பக்கம் ரெக்கோட்டுக்கு இல்லை. பகிடியாகத்தான் எழுதுகிறேன். பாதி.

மேற்றன் கேட்டுவிட்டா. ஜூலை முடிவதற்குள் சொல்லவேண்டும். இல்லை என்றுதான் சொல்லப்போகிறேன்.

அடிக்கடி எழுதுங்கள். நாங்கள் இங்கே தபால் வருகிற நேரத்துக்குப் படிக்கட்டில் நிற்கிறோம்.

உங்கள் மாகிரட்

---

திருகோணமலை.
20.4.1975

அன்பின் மாகிரட்,

கடிதம் பிந்திவிட்டது. வேலை கூட. வேறொன்றுமில்லை.

உயிர்த்த ஞாயிறு அமைதியாகப் போனது. உமது தங்கை எல்சி வீட்டுக்குச் சாப்பிடப் போக ஏலவில்லை.

ரெக்கோட் அதிகம் போடுவதில்லை. கதிரையை வலப்பக்கச் சுவரோரம் தள்ளிவிட்டேன். நடுவில் ஓடு ஒழுகுகிறது. உமது குருசு பத்திரம். அதற்குமேல் ஒரு வாளி வைத்திருக்கிறேன்.

சுவரோரம் இருந்து கேட்டாலும் பாட்டு பாட்டுத்தான். இவ்வளவு காலமும் இடத்துக்கு நாங்கள் அளவுக்கு மிஞ்சி மரியாதை கொடுத்துவிட்டோம் என்று நினைக்கிறேன்.

நீர் உடம்பைப் பார்த்துக்கொள்ளும்.

ஹெக்டர்

---

லெஸ்ரர்.
6.5.1975

அன்புள்ள ஹெக்டருக்கு,

சித்திரை மாதத்தில் என்ன ஒழுக்கு?

நான் அந்த ஊரில் பிறந்தவள். மாரி எப்போது முடிகிறது என்று எனக்குத் தெரியும். நீங்களே பெப்ரவரியில் எழுதினீர்கள். சுவரில் பாசி காய்கிறது என்று.

என் தங்கை எழுதியிருக்கிறாள். நான் கேட்காமல் எழுதினாள். தவக்காலத்தில் புஷ்பவதி அக்கா காலையும் மாலையும் மூடிய சட்டியோடு நம் வீட்டுக்குப் போய்வந்தாவாம். கதவு சாத்தியே கிடந்ததாம். எல்சி பிள்ளைகளோடு வந்தபோது நீங்கள் கதவைத் திறக்காமல் யன்னலுக்குள் நின்று, “இப்ப வரவேண்டாம், போ” என்றீர்களாம். பெரிய வெள்ளிக்கும் கோயிலில் உங்களைக் காணவில்லையாம்.

பிறகு சந்தையில். அவள் எழுதியதை அப்படியே எழுதுகிறேன். “அக்கா, நான் பக்கத்தில நிண்டு அத்தான் எண்டு ரெண்டுதரம் கூப்பிட்டனான். ஒரு கை தூரம். திரும்பியும் பாக்கேல்லை. குற்றமுள்ள ஆக்கள் அப்படித்தான் போவினம்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் நம்பவில்லை. ஆனால் ஒரு கிழமையாக வாட்டில் நடக்கும்போது அது என்னோடு நடக்கிறது.

குருசின் மேல் ஒரு கதிரைதான் கொள்ளும். சுவரோரம் எத்தனை கதிரை?

பதில் எழுதுங்கள். கந்தோர்க் கடிதம் போல் இல்லாமல்.

மாகிரட்

---

திருகோணமலை.
25.5.1975

மாகிரட்,

எல்சிக்கு வேறு வேலை இல்லை.

எனக்குக் காய்ச்சல் வந்தது. ஊர்க் காய்ச்சல். அவளுடைய பிள்ளைகளுக்குத் தொற்றும் என்று போகச் சொன்னேன். புஷ்பவதி அக்கா கஞ்சி தந்தா. அவ புருசனை இழந்த மனுசி. உம்மைவிட எட்டு வயது மூப்பு. இதற்குமேல் அவவைப் பற்றி எழுதினால் எனக்கு வெட்கம்.

சந்தையில் எல்சியை நான் காணவில்லை. சந்தையில் ஆயிரம் பேர் கூப்பிடுகிறார்கள்.

இனி நான் கேட்கிறேன். உமது கடிதத்தில் “நாங்கள்” என்று வருகிறது. “நாங்கள் படிக்கட்டில் நிற்கிறோம்.” யார் நாங்கள்? முன்னொரு கடிதத்தில் ஒரு டொக்டரின் கார் வந்தது. பனி என்று ஏற்றிவந்தார் என்று எழுதினீர். நான் ஒன்றும் கேட்கவில்லை. பனி பெய்கிற ஊர் என்று விட்டுவிட்டேன். நீர் மட்டும் என் ஓட்டு ஒழுக்கைக் கணக்குப் பார்க்கிறீர்.

கதிரை ஒன்றுதான். வந்து எண்ணிப் பாரும்.

ஹெக்டர்

---

லெஸ்ரர்.
15.6.1975

ஹெக்டருக்கு,

நாங்கள் என்றால் ஆறு தாதிகள். இரண்டு பேர் மலையாளத்தார், ஒருத்தி அயர்லாந்து. டொக்டருக்கு அறுபத்திரண்டு வயது. காரில் அவருடைய மனைவியும் இருந்தா. பனி முழங்கால் மட்டும். முதலே எழுதியிருக்கலாம். நீங்கள் முதலே கேட்டிருக்கலாம்.

காய்ச்சல் என்று முதற்கடிதத்திலேயே ஏன் இல்லை? தாதியிடம் மறைக்கிற காய்ச்சல் என்ன காய்ச்சல்?

நான் சண்டை பிடிக்க எழுதவில்லை. ஒன்று செய்கிறேன். என் மச்சான் பேணாட் வேலைசெய்கிற கப்பல் அடுத்த கிழமை புறப்படுகிறது. திருகோணமலைக்கும் வரும். அவரிடம் ஒரு ரெக்கோட் கொடுத்துவிட்டிருக்கிறேன். புதியது. ஊதா மட்டை. நாலு ஸ்பீக்கருக்கென்றே செய்தது. இங்கே ஒரு கடையில் அதற்கென்று தனி அறை இருக்கிறது. நடுவில் ஒரு கதிரை. இருந்து கேட்டுவிட்டுத்தான் வாங்கினேன்.

முதற்பக்கத்தின் முதற்பாட்டு. கஞ்சிராவைப் போன்ற ஒன்று, சலங்கை வைத்தது, தனியே ஒலிக்கும். கதிரையைக் குருசில் போட்டு இருங்கள். அந்தச் சலங்கை என்ன செய்கிறது என்று எழுதுங்கள். அவ்வளவுதான். நான் கேட்டது என்ன என்று சொல்லமாட்டேன்.

குருசில் இருக்கிறவருக்கும் சுவரோரம் இருக்கிறவருக்கும் அது ஒரேமாதிரிக் கேட்காது. அதனால்தான் கேட்கிறேன். மறைக்கவில்லை.

மாகிரட்

---

திருகோணமலை.
9.7.1975

அன்பின் மாகிரட்,

பேணாட் வந்தான். ரெக்கோட் ஒரு கீறலும் இல்லாமல் வந்து சேர்ந்தது. நன்றி. இந்த ஊரில் ஊசிகூட வாங்க ஏலாத காலத்தில் இது பெரிய காரியம்.

நீர் சொன்னபடி கதிரையைக் குருசில் போட்டேன். வாளியை எடுத்துவிட்டேன். இது உமது தாய் மேல் ஆணை, மாகிரட். நடுவில்தான் இருந்தேன். தனியாகத்தான் இருந்தேன்.

சலங்கை முதலில் கிட்ட ஒலிக்கிறது. பிறகு மெல்ல மெல்லத் தூரப் போகிறது. மூதூருக்குப் போகிற லோஞ்ச் படகு குடாவில் சிறுத்துப்போகிற மாதிரி. இல்லையென்றே ஆகிவிட்டது என்று நினைக்கும்போது மறுபடி கிட்ட வருகிறது. பிறகும் தூரம். பிறகும் கிட்ட. மூன்று தரமோ நாலு தரமோ. என்ன மூளை இந்தப் பாட்டுக்காரப் பெடியளுக்கு. ஒரு சின்ன அறைக்குள் ஒரு கடலை வைத்திருக்கிறார்கள்.

மாதக்கணக்கில் எனக்கு ஒரு பாட்டும் பிடிக்கவில்லை. இது பிடித்தது. இரண்டு தரம் கேட்டேன். கண் கலங்கியது. உமக்குச் சொல்வதற்கென்ன.

இப்போது நம்புகிறீரா? செப்டெம்பரில் வருவீரா?

உமது ஹெக்டர்

---

லெஸ்ரர்.
22.7.1975

என் அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்ததும் பொய் என்று நினைத்தேன். தாயின் பெயரில் பொய் என்று.

அந்தச் சலங்கை தூரப் போவதில்லை. அது சுற்றுகிறது. முன்னே இடப்பக்கம் தொடங்கி, முன்னே வலப்பக்கம், பின்னே வலப்பக்கம், பின்னே இடப்பக்கம். கதிரையைச் சுற்றி வட்டமாக ஓடுகிறது. குழந்தைக்கும் கேட்கும்.

என் லீவு நாளில் அந்தக் கடைக்குத் திரும்பப் போனேன். கடைக்காரர் அடையாளம் கண்டு அதே ரெக்கோட்டைப் போட்டார். கதிரையைச் சுவரோரம் இழுத்து இருந்தேன். அங்கேயும் சுற்றியது. கோணலாக, ஆனால் சுற்றியது. வாசலில் நின்றேன். நிலத்தில் இருந்தேன். எங்கே இருந்தாலும் நீங்கள் எழுதியது எனக்குக் கேட்கவில்லை. கடைக்காரர் எனக்கு விசர் என்று நினைத்திருப்பார்.

பிறகு நடுக் கதிரையில் இருந்து, வலது காதை விரலால் இறுக்கிப் பொத்தினேன்.

சலங்கை கிட்ட வந்தது. தூரப் போனது. கிட்ட வந்தது. உங்கள் லோஞ்ச்.

அத்தான், நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. சந்தையில் எல்சி உங்கள் எந்தப் பக்கம் நின்றிருப்பாள் என்று. வலது தோள் சுவரைத் தொடுகிற மாதிரி ஏன் கதிரையைப் போட்டீர்கள் என்று. அறை முழுதும் இடது காதின் பக்கம் வருவதற்காக. பிள்ளைகளை ஏன் போகச் சொன்னீர்கள் என்று. காய்ச்சலோடு தாடை வீங்கியதா? கூகைக்கட்டா? வளர்ந்தவர்களுக்கு வந்தால் சிலருக்கு ஒரு காது போய்விடும். நான் வாட்டில் பார்த்திருக்கிறேன்.

பிள்ளை இல்லாத வீட்டில் ஆம்பிளைக்குக் கூகைக்கட்டு வந்தால் ஊர் வேறு என்ன கதைக்கும் என்றும் தெரியும். எல்லாருக்கும் அதனால் பிள்ளை இல்லாமல் போவதில்லை. என்னிடம் கேட்டிருக்கலாம்.

ஒன்றுதான் எனக்கு ஆறவில்லை. ஒரு பெண் இருக்கிறாளா என்று கடிதத்துக்குக் கடிதம் கேட்டேன். இருக்கிறாள் என்று நான் நினைப்பதை உங்களால் தாங்க முடிந்தது. காது கேட்காது என்று நான் அறிவதைத் தாங்க முடியவில்லை.

நான் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. மேற்றனிடம் ஓகஸ்ட் நடுவரை தவணை கேட்டு வாங்கியிருக்கிறேன். நீளமாக ஒன்றும் எழுதவேண்டாம். காது கேட்காது என்று உங்கள் கையால் ஒரு வரி. நான் கண்டுபிடித்தது போதாது. நீங்கள் சொல்லவேண்டும். அந்த வரி வந்தால் நான் வருகிறேன். வந்து உங்கள் இடப்பக்கம் இருக்கிறேன்.

உங்கள் மாகிரட்

---

திருகோணமலை.
4.8.1975

மாகிரட்,

உமக்கு இதை எழுதியது யார்?

விரலால் காதைப் பொத்திய கதையை நான் நம்பவேண்டும் என்று எதிர்பார்க்கிறீர். ஒரு ரெக்கோட்டில் இருந்து ஒருவரின் வருத்தத்தைக் கண்டுபிடிக்க நீர் பொலிசும் இல்லை, டொக்டரும் இல்லை. கூகைக்கட்டு என்ற சொல்லே வருகிறது. எந்தப் பக்கம் என்றும் வருகிறது. யாரோ சொல்லாமல் இவ்வளவும் வராது.

ஆஸ்பத்திரி டொக்டருக்குத் தெரியும். அவர் உமக்கு எழுதப்போவதில்லை. மற்றது புஷ்பவதி அக்கா. வேறு ஒருவருக்கும் நான் சொல்லவில்லை.

நேற்று வேலியடியில் நின்று கேட்டேன். அழுதா. “தம்பி, பத்திரகாளி அம்மனாணை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. உங்கட மனுசிக்கு முதல் சொல்லுங்கோ எண்டு சொன்னவளே நான்தானே.” நம்ப ஏலவில்லை. எல்சி அந்தப் பக்கம் போய்வருகிறவள். கதை விட்டுக் கதை பிடுங்கியிருப்பாள். இனி எங்கள் படலைக்குள் வரவேண்டாம் என்று புஷ்பவதி அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

பேணாட்டும் அன்று என்னை ஒருமாதிரிப் பார்த்தான். இரண்டு தரம் ஒரே கேள்வியைக் கேட்டான். அவனும் உமக்கு எழுதினானா?

அந்த ரெக்கோட் ஒரு பரிசு என்று நினைத்து அழுதேன். அது சோதனை. என் வீட்டுக்குள் நீர் ஒரு ஆளை அனுப்பி வேவு பார்த்த மாதிரி.

இப்போது எல்லாம் உமக்குத் தெரியும்தானே. நான் வேறு எதை எழுதவேண்டும்? செப்டெம்பரில் வாரும். நேரில் கதைப்போம். யார் எழுதினது என்று மட்டும் முதலில் அறியவேண்டும்.

ஹெக்டர்

---

லெஸ்ரர்.
16.8.1975

ஹெக்டருக்கு,

ஒருவரும் எழுதவில்லை.

உங்கள் ஜூலைக் கடிதம் மட்டும். லோஞ்ச் குடாவில் சிறுத்துப்போகிற வரி. இன்றும் எடுத்து வாசித்தேன். நல்ல வரி. நான் அதை வாசித்துத்தான் எழுந்துபோய்க் காதைப் பொத்தினேன்.

சோதனை என்றது சரி. அதற்கு என்னை மன்னியுங்கள். நான் ஒரு பெண்ணைத் தேடித்தான் அதை அனுப்பினேன். உங்களைக் கண்டேன்.

ஒரு வரி கேட்டேன். நீங்கள் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரி அதில் இல்லை. மூன்று நாள் தேடினேன்.

புஷ்பவதி அக்காவிடம் போங்கள். படலையைத் திறந்துவிட்டுப் போங்கள். கஞ்சி தந்தவ. என்னிடம் சொல்லச் சொன்னவ.

மற்றக் காதைக் கவனமாக வைத்திருங்கள். கண்டி ஆஸ்பத்திரியில் காதுக்கென்று டொக்டர் இருப்பார். லீவு எடுத்துப் போங்கள். ஸ்பீக்கர்களின் சத்தத்தைக் குறையுங்கள். வண்டிகள் வலப்பக்கத்தால் வரும்; ரோட்டைக் கடக்கும்போது திரும்பிப் பாருங்கள்.

நேற்று மேற்றனிடம் கையெழுத்து வைத்தேன். இரண்டு வருடம்.

அந்த ரெக்கோட்டை நீங்களே வைத்திருங்கள். இரண்டாம் பக்கத்தையும் போடுங்கள். இனி அதுவும் உங்களுடையதுதான். முதற்பக்கத்தில் அந்தச் சலங்கை வரும்போது பயப்படவேண்டாம். அது தூரப் போகவில்லை. உங்களைச் சுற்றித்தான் வருகிறது.

மாகிரட்